மூச்சைப் பிடிக்காதீர்கள்

ஆறு சனிக்கிழமை, காலை எட்டரை,
குவீன்ஸ்டவுன் நீச்சல் குளம்.
ஏழாம் வாரம் படகில் புலாவ் ஹந்து.
எண்ணூற்று அறுபது வெள்ளி.
கேமரா வாடகை தனி.
மூன்று வாரமாய்க் கைபேசியில்
படிவத்தைத் திறக்கிறேன், மூடுகிறேன்.

நீந்தத் தெரியுமா என்கிறது.
ஆம். இல்லை. ஓரளவு.
ஓரளவைத் தொடுகிறேன்.
திருமணப் பதிவகத்தில்கூட
இப்படியொரு கட்டம் வைத்திருக்கலாம்.

நான் எக்ஸ்ரே எடுப்பவள்.
நாளுக்கு அறுபது நெஞ்சுக்கூடு.
மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க.
தாரிக் நஃபாஸ், தாஹான்.
ஸீ ச்சி, பீ ச்சி.
பதினெட்டு ஆண்டாய்
இந்த ஊரின் மூச்சை மூன்று மொழியில்
நொடி நொடியாக நிறுத்தி வருகிறேன்.
காற்று கறுப்பு. எலும்பு வெளுப்பு.
நீர் கோத்த நுரையீரல்
இரண்டுக்கும் நடுவே மங்கல்.
அதைத் தினம் பார்ப்பவளுக்குத்
தண்ணீருக்குள் போகும் ஆசை
எந்த வழியாக வந்தது?

ஹிதாயாவின் கைபேசி வழியாக.
உணவு இடைவேளையில் காட்டினாள்
ஒரு கடல் நத்தையை.
ஓடு கிடையாது.
கட்டைவிரல் நகத்தளவு ஊதா,
ஓரத்தில் மஞ்சள் தையல்.
முதுகில் பூப்போல விரிந்திருந்தது
அது மூச்சுவிடும் உறுப்பாம்.
நுரையீரலை வெளியே அணிந்து நடக்கிறது,
என்னிடம் வரத் தேவையே இல்லாத உயிர்.
எந்த நாட்டில் எடுத்தாய் என்றேன்.
இங்கேதான், ஹந்துவில்,
எதிரே எண்ணெய் ஆலையின் தீ எரிய எரிய.
மீ கோரெங் ஆறிப்போனது.

அறவாழி கணக்குப் போட்டார்.
அந்தக் காசுக்கு ஏர்கானை மாற்றிவிடலாம்.
தப்பில்லை.
கட்டிலுக்கு மேல் அது சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது,
அடியில் ஒரு நீல வாளி.
கரையில் நின்று எடேன்,
ஈஸ்ட் கோஸ்ட்டில் சூரியன் வராதா என்ன?
வரும்.
எல்லார் கைபேசியிலும் வந்துமிருக்கிறது.

எனக்கு நாற்பத்தேழு.
இருபது வயதுகளுக்கு நடுவே
ஒட்டும் ரப்பர் உடைக்குள்
இந்த இடுப்பை எப்படி நுழைப்பது
என்பதை அவரிடம் சொல்லவில்லை.
அதுதான் பெரிய பயம். கடல் அப்புறம்.

நேற்று ஆசிரியையை அழைத்தேன். கிம் சூ.
முக்குளித்ததுண்டா? இல்லை.
கேமரா பழக்கமா?
எக்ஸ்ரே பழக்கம்.
நெடுநேரம் சிரித்தாள்.
பிறகு, கேமரா இல்லாமல் வாங்க முதலில், என்றாள்.
கையைக் கட்டிக்கொண்டு
மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல்
ஒரே இடத்தில் நிற்கணும்.
அது வராதவங்க படத்தில்
தாங்களே கிளப்பிய சேறுதான் விழும்.
ஆழம் போகப் போக முதலில் சிவப்பு போகும்.
விரல் வெட்டிக்கொண்டால்
ரத்தம் பச்சையாய்த் தெரியும், பயப்படாதீங்க.
அப்புறம் ஒன்று:
படம் ஆடக் கூடாதென்று
எல்லாரும் மூச்சைப் பிடிப்பாங்க.
பிடிக்கவே கூடாது.
எந்த ஆழத்திலும், எந்த மீனுக்காகவும்.

இன்று பதினோரு மணிக்கு ஒரு லாரி ஓட்டுநர்.
மூன்று வார இருமல்.
பிடிங்க என்றேன். பிடித்தார்.
திரையில் வந்தன இரு கரிய இறகுகள்,
நடுவே சாய்ந்த இதயம்.
பார்த்துக்கொண்டே இருந்தேன்,
எவ்வளவு நேரமென்று தெரியவில்லை.
கண்ணாடிக்கு அப்பால்
கன்னம் உப்பி, கண் பிதுங்கி,
பலகையை அணைத்தபடி அவர்
இன்னும் பிடித்திருந்தார்.
ஐயோ, விடுங்க. விடுங்கண்ணே.
இருமி முடித்துக் கேட்டார்,
படம் ஆடாம வந்துச்சா?
வந்துச்சு.

திரும்பும் பேருந்தில், மாடியில்,
முன்கண்ணாடி முழுக்க மழை.
படிவத்தைத் திறந்தேன்.
கேமரா வாடகை வேண்டுமா?
இப்போதைக்கு வேண்டாம்.
உடை அளவு?
அதைக் காலியாக விட்டுக் கீழே போனேன்.
அவசரத்துக்கு யாரை அழைப்பது?
அறவாழி என்று அடித்தேன், எண்ணோடு.

அவருக்கு இன்னும் தெரியாது.
போனதும் முதலில்
வாளியைக் கொட்ட வேண்டும்.